கல்லாவை விட்டு எழுந்திருக்க ஏன் மனசு வர மாட்டேங்குது?

சொந்தத் தொழில் செய்றவங்ககிட்ட "உங்களுக்கு அப்புறம் யாரு?" என்று கேட்டுப் பாருங்க. "அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்பதுதான் பெரும்பாலும் பதில். உயில் எழுதத் தெரியாமல் இல்லை, எழுத மனசு வருவதில்லை.

திருபாய் அம்பானி 2002 ஜூலையில் இறந்தபோது உயில் எழுதி வைக்கவில்லை. ரிலையன்ஸில் வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் பஞ்சமா? அண்ணன் தம்பி தகராறு வெளியே வந்து, 2005 ஜூனில் அம்மா கோகிலாபென் முன்னின்று பாகம் பிரிக்க வேண்டியதாயிற்று.

அப்போ நம்மைத் தடுப்பது எது? மூணு பயம்.

1. "முதலாளி இல்லைன்னா நான் யாரு?"

முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அது வெறும் நாற்காலி இல்லை, அவரோட மரியாதை. அதனால ஒரே நாளில் எழுந்திருக்காதீங்க. முதல்ல கொள்முதல், அடுத்து கடன் வசூல், கடைசியா செக் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கொடுங்க. கொடுத்த வேலையில் பிள்ளை தப்பு செய்தால், வேலையாட்கள் முன்னாடி திருத்தாதீங்க. வீட்டில் தனியா சொல்லுங்க.

2. "பிள்ளைங்க மனசு கோணிடுமோ?"

மகன் கடையில், மகள் வெளியூரில். எப்படிப் பிரிச்சாலும் யாருக்காவது வலிக்கும்னு தள்ளிப்போடுறோம். ஆனா நீங்க முடிவு எடுக்கலைன்னா சட்டம் எடுக்கும். 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அவரது சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. யார் எத்தனை வருஷம் கடையில் உழைச்சாங்கன்னு சட்டம் பார்க்காது. "நாமினி போட்டாச்சே" என்று இருக்காதீங்க. நாமினி பொதுவா பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், சொந்தக்காரர் இல்லை.

3. "செலவுக்குப் பிள்ளைகிட்ட கை நீட்டணுமோ?"

வெளியே சொல்லாத பயம் இதுதான். நியாயமான பயமும்கூட. உங்களுக்கும் மனைவிக்கும் தனி வருமானமும் மருத்துவக் காப்பீடும் உறுதியான பிறகே தொழிலைக் கொடுங்க.

முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

உரிமை வேற, நிர்வாகம் வேற, உங்க வருமானம் வேற. மூணையும் ஒண்ணா கட்டினால்தான் சண்டை. ஒரு உதாரணம்: செலவு போக மாசம் 1,50,000 ரூபாய் மிஞ்சுது. கட்டடம் உங்க பேரில் இருந்தால் வாடகை 40,000 உங்களுக்கு. கடையை நடத்தும் மகனுக்குச் சம்பளம் 50,000. மிச்சம் 60,000-ஐ மகனும் மகளும் பாதிப் பாதி எடுத்துக்கலாம். உழைப்புக்குச் சம்பளம், பிறப்புக்குப் பங்கு. இதை எல்லோரையும் உட்கார வெச்சுப் பேசி எழுதிடுங்க. உயிலுக்கு ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனா செய்வது நல்லது.

பேச்சை "யாருக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீங்க. "உனக்கு இந்தத் தொழில் பிடிச்சிருக்கா?" என்று முதல்ல கேளுங்க. "இல்லைப்பா" என்று பதில் வந்தால் வலிக்கும்தான். ஆனா அதை இப்பவே கேட்டால், தொழில் நல்லா ஓடும்போதே நல்ல விலைக்குக் கைமாற்றலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை.