கருவிலிருந்து எழும் கட்டளை

ஆட்டின் சூற்காலம் ஏறத்தாழ 147 நாள். அது நிறைந்ததை அறிவிப்பது தாயே என நாம் எண்ணுதல் இயல்பு. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் 1960களில் ஆராய்ந்த மகப்பேற்று மருத்துவர் கிரகாம் லிகின்ஸ், கட்டளை குட்டியிடமிருந்தே எழுவதைக் காட்டினார். குட்டியின் கபச்சுரப்பி தூண்ட, அதிரீனற் சுரப்பி கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றது. அது சூல்வித்தகத்தின் ஓமோன்களை மாற்றிப் பேற்றைத் தொடக்குகின்றது. ஈரலிற் கிளைக்கோசனைச் சேர்த்து, நுரையீரலையும் மூச்சுக்கு ஆயத்தமாக்குகின்றது.

கோட்டிசோலை ஒத்த மருந்து கருவிற் செலுத்தப்பெற்று, காலத்துக்கு முன் பிறந்த குட்டிகள் சில எதிர்பாராவகையில் மூச்சுவிட்டன. இதனைத் தொடர்ந்து, குறைமாதப் பேற்றை எதிர்நோக்கிய தாய்மாருக்கு அவ்வகை மருந்தளித்து லிகின்சும் ரொஸ் ஹவியும் நடத்திய ஆய்வு 1972இல் வெளிவந்தது. எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் அதனாற் பிழைத்தனர். தேடாத விடையையும் ஊன்றிக் கவனித்ததன் பயன் இதுவென நம் மாணவர் உணர்வாராக.