ஓட்டம் பிடித்த பனியாறு!

பனிக்கட்டி நடக்குமா? நடக்கும். சில சமயம் ஓடவும் செய்யும்!

மலை உச்சிகளில் ஆண்டுக்கணக்கில் விழும் பனி, இறுகிக் கட்டியாகிறது. தன் எடையால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இதுதான் பனியாறு.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் "வேரிகேட்டட்" என்று ஒரு பனியாறு இருக்கிறது. நீளம் 20 கிலோமீட்டர். சாதாரணமாக அது நாள் ஒன்றுக்கு ஒரு மீட்டர்கூட நகராது. ஆனால், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு வெறி பிடித்துவிடும்!

காரணம் என்ன? அதை அறிய விஞ்ஞானிகள் 1973-ம் ஆண்டு முதல் அதைக் கண்காணித்து வந்தார்கள்.

1982 ஜனவரியில் பனியாறு ஓடத் தொடங்கியது! மறு ஆண்டு அதன் வேகம் நாளுக்கு 50 மீட்டரையும் தாண்டியது. பனி வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது.

ஜனவரி கடும் குளிர்காலம். பனி உருகாத நேரம். அப்போது போய் அது ஏன் ஓடவேண்டும்?

விஞ்ஞானிகள் வெந்நீரைப் பாய்ச்சி, அடிப்பாறை வரை துளை போட்டார்கள். குட்டு வெளிப்பட்டது. அடியில் தண்ணீர்!

கோடையில் உருகும் நீர், பனிக்கு அடியில் சுரங்கம்போல் வழி செய்துகொண்டு வெளியேறிவிடும். குளிர்காலத்தில் நீர் வரத்துக் குறையும். மேலே உள்ள பனி அழுத்தி, அந்தச் சுரங்கங்கள் மூடிக்கொள்ளும். சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவெல்லாம் தண்ணீர் பரவும் அல்லவா? அதுபோல, மிச்சம் இருந்த நீர் பாறை இடுக்குகளில் பரவித் தேங்கியது. அதன் அழுத்தம், அவ்வளவு பெரிய பனிப்பாளத்தையே தூக்கிவிடும் அளவுக்கு ஏறியது. பிடிமானம் போயிற்று, பனி வழுக்கியது.

ஆகவே, தண்ணீர் அதிகமா குறைவா என்பது அல்ல கேள்வி. அதற்குப் போக வழி உண்டா என்பதுதான்!

அந்த நீரில் சாயம் கலந்தும் பார்த்தார்கள். பனியாறு ஓடியபோது, சாயம் வெளியே வர நாட்கள் பிடித்தன. ஓட்டம் நின்றபின் சில மணி நேரத்தில் வந்துவிட்டது.

1983 ஜூலை 4-ந்தேதி, பனியாற்றின் அடியில் இருந்து கலங்கல் வெள்ளம் பீறிட்டது. ஓட்டம் நின்றது!

அலாஸ்காவில் அந்தப் பனியாற்றின் பாதையில் ஊர் எதுவும் இல்லை. ஆனால், காரகோரம் மலையில் உள்ள ஹுன்ஸா பள்ளத்தாக்கு அப்படி அல்ல. அங்கே 2018-ல் "ஷிஷ்பர்" பனியாறும் இப்படித்தான் பாய்ந்து வந்தது. பக்கத்து ஓடையை அது அடைத்தது, ஏரி உண்டாயிற்று. அந்த ஏரி நிரம்புவதும் உடைவதுமாக இருந்தது.

2022 மே 7-ந்தேதி அது உடைந்தபோது, ஹசனாபாத் கிராமத்தில் வீடுகள் இடிந்தன. சீனாவுக்குப் போகும் நெடுஞ்சாலையின் பாலத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.