நாசரேத் என்ற தளிர்

"எங்கம்மா பிறந்த ஊரு நாசரேத்துண்ணே. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யாரைக் கேட்டாலும் ஏசுநாதர் ஊருன்னு மட்டும்தான் சொல்றாங்க" என்றார் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் தம்பி. போடியில் அன்றைய ஏலம் தொடங்க நேரம் இருந்தது. இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முதலில் உங்கள் அம்மாவின் ஊர், தம்பி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. அந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் முதலூர்; 1799-இல் சுந்தரானந்தம் டேவிட் உபதேசியார் முன்னின்று உருவாக்கியது. ஜேம்ஸ் ஹஃப் பாதிரியார் 1816-இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது முதலூரோடு நாசரேத்தும் இருந்தது. 1876-இல் வந்த மர்காஷிஸ் ஐயர் 1908-இல் கண்மூடும்வரை அங்கேயே இருந்து பள்ளி, ஆஸ்பத்திரி, தொழிற்பள்ளி என்று ஊரை வளர்த்தார். இதெல்லாம் அம்மாவே சொல்லியிருப்பார்.

பெயரின் பிறப்பு கலிலேயா மலைச்சரிவில் இருந்த ஒரு சின்னக் கிராமத்தில். எவ்வளவு சின்னது என்றால், பழைய ஏற்பாட்டில் ஓரிடத்தில்கூட அதன் பெயர் கிடையாது. கலிலேயாவின் ஊர்களை நன்றாக அறிந்திருந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அதைக் குறிப்பிடவில்லை. புதிய ஏற்பாட்டில்தான் முதன்முதலாக வருகிறது.

இங்கே தமிழ் வேதாகமம் வாசிக்கிற நமக்கு ஒரு சிக்கல் உண்டு. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் இயேசு நசரேயன் என்று அழைக்கப்படுவார் என்றிருக்கிறது. முடி வெட்டாமல், திராட்சரசம் தொடாமல் விரதம் காத்த சிம்சோனும் நசரேயன்தான். அதனால் நாசரேத் என்றால் விரதக்காரர் ஊர் என்று சிலர் விளக்குவார்கள். எபிரேயத்தில் இரண்டும் வேறு வேறு. 119-ஆம் சங்கீதத்தில் பகுதிக்குப் பகுதி தலைப்பாக எபிரேய எழுத்துகளின் பெயர் போட்டிருக்கிறதல்லவா? அதில் சாயீன் ஒன்று, த்சாதே ஒன்று. விரதக்காரருக்கான சொல்லில் வருவது சாயீன். ஊர்ப் பெயரில் வருவது த்சாதே. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ச' என்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

கிரேக்கத்தில் எழுதிய சுவிசேஷகர்களாலும் குழப்பம் கூடியது. த்சாதே வரும் இடத்தில் கிரேக்கர் வழக்கமாக 'ஸ' ஒலியைப் போடுவார்கள்; சீயோனை அப்படித்தான் எழுதினார்கள். நாசரேத்துக்கோ சாயீனுக்குரிய எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் ஊர்ப் பெயரின் உண்மையான எழுத்து எது என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள்.

தீர்த்து வைத்தது ஒரு கல். 1962-இல் செசரியா கடற்கரையில் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது உடைந்த பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு, ஆசாரியர்களின் 24 வகுப்புகளில் எந்த வகுப்பு கலிலேயாவில் எந்த ஊரில் குடியேறியது என்ற பட்டியல் அது. பதினெட்டாம் வகுப்புக்கு உரிய ஊர் நாசரேத். மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதில் த்சாதே தெளிவாக இருந்தது.

எழுத்து உறுதியானதும் வழி இரண்டாகக் குறைந்தது. ஒன்று, 'நெத்சேர்'. தளிர், கிளை என்று பொருள். ஈசாயின் அடிமரத்து வேரிலிருந்து ஒரு கிளை எழும்பும் என்று ஏசாயா பதினோராம் அதிகாரம் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலத்தோட்டத்தில் பழைய தண்டு காய்ந்து சாயும்போது அதே தூரின் அடியிலிருந்து புதுத் தளிர் முட்டிக்கொண்டு வருமே, அதுதான் நெத்சேர்.

மற்றது, காவல் காப்பது என்று பொருள்படும் 'நாத்சர்'. ஊரை ஒட்டிய மேட்டில் ஏறினால் யெஸ்ரயேல் சமவெளி முழுவதும் கண்ணில் விழும். காவல்மேடு என்று பெயர் வைக்கப் பொருத்தமான இடந்தான்.

எனக்குத் தளிர்ப் பக்கமே மனம் சாய்கிறது. 'நசரேயன் என்று அழைக்கப்படுவார்' என்று தீர்க்கதரிசிகள் சொன்னதாக மத்தேயு எழுதும் அந்த வாக்கியம் பழைய ஏற்பாட்டில் எங்குமே இல்லை. ஏசாயாவின் 'நெத்சேர்' அவர் மனதில் இருந்தது என்று கொண்டால்தான் அதற்குப் பொருள் வருகிறது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெரோம் என்ற வேத அறிஞர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், தம்பி. மத்தேயு பெயரில் என்ன கேட்டார் என்பதற்கு இது நல்ல சாட்சி. அந்த ஊருக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நம் மலை சம்பந்தப்பட்டது. அரபியில் அந்த ஊரை 'அந்-நாஸிரா' என்பார்கள். த்சாதேக்கு ஈடான அழுத்தமான 'ஸ' அதில் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைக் குர்ஆன் 'நஸாரா' என்கிறது. கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த சொல். போடிமெட்டு தாண்டி இடுக்கிக்குள் இறங்கினால் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சுறியானிக் கிறிஸ்தவர்கள் தங்களை 'நஸ்ராணி' என்பார்கள். சிரியாக் மொழி வழியாக மலையாளக் கரைக்கு வந்த பெயர், உங்கள் அம்மாவின் ஊர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்தது. நீங்கள் வாரா வாரம் காய் எடுக்கப் போகிற தோட்டக்காரரும் நஸ்ராணிதானே? அவருடைய சமூகத்தின் பெயரும் உங்கள் அம்மாவின் ஊர்ப் பெயரும் ஒரே கிராமத்திலிருந்து வந்தவை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.