கைக்குத் தெரியாத மின்சாரம்

ரியாத் போன்ற வறண்ட பாலை நகரங்களில் பணிபுரியும் நம் சகோதரர்கள், குளிர்காலத்தில் கார்க் கதவைத் தொட்டதும் சுரீரென்று ஷாக் அடிக்கிறது என்று கூறக் கேட்டிருப்பீர்கள். ஊர் திரும்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே, எலுமிச்சைத் தோப்புகள் சூழ்ந்த நம் புளியங்குடியில் நிலைமின்சாரத்திற்கு என்ன வேலை என்று, வீட்டிலேயே ரேடியோவையும் டி.வி.யையும் பிரித்துப் பழுதுபார்க்கும் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணமே பல போர்டுகளைப் பாழாக்குகிறது.

இரு பொருள்கள் உரசிப் பிரியும்போது மின்னேற்றம் பிறக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது விரைந்து கசிந்து குறையும், ஆனால் அற்றுப்போவதில்லை. வறண்ட காற்றில் கம்பள விரிப்பின் மீது நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்றும், ஈரக் காற்றில் அதுவே 1,500 வோல்ட் அளவுக்கு இறங்கும் என்றும் இத்துறை நூல்கள் குறிப்பிடுகின்றன. நம் விரலுக்கு உறைக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. இப்போது கவனியுங்கள்: ரியாத்தில் இருப்பவருக்கு ஷாக் அடித்து எச்சரிக்கிறது, நமக்கோ அந்த எச்சரிக்கையும் இல்லை. சில நுண்பாகங்கள் கெடுவதற்கு 100 வோல்ட்டே போதும்!

மின்னேற்றத்தின் அளவு மிகச் சிறிது என்பதால் மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டரின் 'கேட்' முனைக்கு அடியில், தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனில், கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இன்வெர்ட்டர்களில் காணப்படும் ஐ.ஆர்.எஃப்.இசட் 44 வகையில்கூட அந்த முனைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 20 வோல்ட்தான். அதற்கு மேல் போனால் படலம் துளைபடலாம். 1968இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 4000 வரிசை ஐ.சி.க்களைக் கொண்டுவந்த காலத்தில், மாஸ் டிரான்சிஸ்டர்களின் கால்களைச் சிறு கம்பி வளையத்தால் பிணைத்தே அனுப்பினர். பின்னர் ஐ.சி.க்களின் உள்ளேயே காப்பு டையோடுகள் வைக்கப்பட்டன. அவை ஓரளவுக்கே காக்கும். வால்வு ரேடியோவில் தொழில் கற்ற பெரியவர்கள், "நாங்கள் எந்தப் பட்டையைக் கட்டினோம்?" என்று கேட்பதுண்டு. வால்வுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவே.

துளைபட்ட பாகம் உடனே செத்துவிட்டாலும் கவலையில்லை, மாற்றிவிடலாம். பாதிக் காயத்துடன் ஓடி, ஒரு மாதம் கழித்து நின்றுபோவதே பெருந்தொல்லை. பக்கத்து வீட்டார் நம்பிக் கொடுத்த செட்டு அமானிதம் அன்றோ? காசும் போய், பிள்ளையின் பேரும் போகிறது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மணிக்கட்டில் அணியும் எர்த் பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதன் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும், பட்டை வழியே பாயும் மின்னோட்டத்தை அது கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கும். வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது உயிருக்கே உலை வைக்கும். ஒருபோதும் பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். பட்டை அணிந்திருக்கையில் மெயின் இணைப்பு உள்ள செட்டில் கை வைக்கவும் கூடாது. வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு முன்னதாகப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு.

பாலியெஸ்டர் சட்டையைவிடப் பருத்தி நல்லது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வரும் ஐ.சி.யை, பொருத்தும் நொடிவரை அதன் உறையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். தெர்மகோலில் குத்தி வைப்பது பலரிடமும் உள்ள வழக்கம். மின்னேற்றத்தை வளர்ப்பதில் தெர்மகோலுக்கு இணை சிலவே. அலுமினியத் தாளில் கால்களைச் சுற்றி வைக்கலாம், பேட்டரி உள்ள போர்டை மட்டும் அப்படிச் சுற்றக் கூடாது. சால்டரிங் அயர்ன் மூன்று பின் உள்ளதாக இருக்கட்டும். இரண்டு பின் அயர்ன்தான் கையில் இருக்கிறதென்றால், நன்கு சூடேறியதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் கால்களைப் பற்றவைத்து முடித்துவிடலாம்.