வார்ப்பு மக்னீசியக் கலவைகளின் நுண்கட்டமைப்பில் கால்சியத்தின் பங்கு

முன்னுரை

பொறியியலில் கட்டமைப்புக்குப் பயன்படும் உலோகங்களுள் மிகவும் எடை குறைந்தது மக்னீசியம். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம், எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.85 கிராம். வாகனத்தின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆயினும், மகிழுந்து இயந்திரத்தின் அருகே மக்னீசியம் இன்றும் தயக்கத்துடனேயே அனுமதிக்கப்படுகிறது. இதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, அது எளிதில் தீப்பற்றும். மற்றொன்று, வெப்பத்தில் வலுவிழக்கும். இவ்விரு குறைகளையும் சிறிதளவு கால்சியம் எவ்வாறு மாற்றுகிறது என்பதையும், அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சுவரும் சாந்தும்

உருகிய உலோகம் உறையும்போது முதலில் பல்லாயிரம் நுண்மணிகள் தோன்றி வளர்கின்றன. அம்மணிகள் ஏற்காத பிற தனிமங்கள் எஞ்சிய நீர்மத்தில் சேர்ந்து, இறுதியில் மணிகளின் எல்லைகளில் உறைகின்றன. இதனைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம்: மணிகள் செங்கற்கள், எல்லையில் உறைந்தது சாந்து. இவ்வமைப்பையே நுண்கட்டமைப்பு என்கிறோம்.

பெரிதும் வழக்கிலுள்ள ஏ.இசட்.91 என்னும் வார்ப்புக் கலவையில் ஏறத்தாழ 9 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. இதன் சாந்து, 17 மக்னீசிய அணுக்களுக்கு 12 அலுமினிய அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த சேர்மமாகும். அறை வெப்பநிலையில் இது போதிய வலுவைத் தருகிறது. ஏறத்தாழ 120 பாகை செல்சியசைக் கடந்ததும் நிலைமை மாறுகிறது. தொடர்ந்து சுமை தாங்கும் உறுப்பு மெல்ல மெல்ல உருமாறத் தொடங்குகிறது. இதனை ஊர்தல் எனலாம். பற்சக்கரப் பெட்டியின் உறை இவ்வாறு ஊர்ந்தால் திருகாணிகளின் பிடி தளரும், எண்ணெய் கசியும்.

கால்சியம் செய்யும் மாற்றம்

கால்சியம் மக்னீசியத்தில் மிகக் குறைவாகவே கரையும். 516 பாகையளவில்கூட அதன் கரைதிறன் ஏறத்தாழ 1.3 விழுக்காடுதான். ஆகவே, உறையும்போது அதன் பெரும்பகுதி எல்லைகளுக்குத் தள்ளப்படுகிறது. சிறிதளவு சேர்க்கும்போது அது பழைய சாந்தினுள் கரைந்து அதன் வெப்ப உறுதியைக் கூட்டுகிறது. அளவு கூடக் கூட, அது அலுமினியத்தைத் தன்பால் ஈர்த்து, ஒரு கால்சிய அணுவுக்கு இரண்டு அலுமினிய அணுக்கள் கொண்ட புதிய சேர்மத்தை உருவாக்குகிறது. இச்சேர்மத்தின் உருகுநிலை 1,000 பாகைக்கும் மேல். பழைய சாந்தோ 460 பாகையளவில் உருகிவிடுவது. வலையமைப்பாகப் பரவும் புதிய சாந்து, மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதைத் தடுக்கிறது.

ஈண்டுக் கால்சியத்தின் அளவு மட்டுமன்றி, அலுமினியத்தோடு அதற்குள்ள விகிதமும் கருதத்தக்கது. இவ்வெடை விகிதம் ஏறத்தாழ 0.8ஐக் கடந்தால், மக்னீசியமும் கால்சியமும் இணைந்த சேர்மமும் தோன்றும் என்பது 1990களில் வகுக்கப்பட்ட விதி. பின்னர், மூன்று உலோகங்களும் கலந்த மற்றொரு சேர்மமும் கண்டறியப்பட்டது. அச்சில் வார்க்கும்போது உலோகம் விரைவாகக் குளிர்வதால் வலை நுண்ணியதாக அமையும். மணல் வார்ப்பில் அது பருமனாகும்.

தீயும் காற்றும்

1955 ஜூன் 11ஆம் நாள் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் நிகழ்ந்த விபத்தில் 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோதிய வாகனத்தின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. அது தீப்பற்றியபின், ஊற்றப்பட்ட நீர் தீயை மேலும் வளர்த்தது. எரியும் மக்னீசியம் நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதே இதற்குக் காரணம்.

வார்ப்பாலைகளில் இவ்வாபத்தைத் தவிர்க்க, உருகிய உலோகத்தின் மேல் சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயுவைப் பரப்பும் வழக்கம் இருந்தது. 100 ஆண்டுக் கணக்கில் இவ்வாயு கரியமில வாயுவைக் காட்டிலும் 20,000 மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமூட்டவல்லது. மக்னீசிய அச்சு வார்ப்பில் இதன் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கட்டுப்படுத்தி, 2018இல் சிறு ஆலைகளுக்கும் தடைசெய்தது. இங்கும் கால்சியம் துணை நிற்கிறது. ஆக்சிசன்பால் அதற்குள்ள ஈர்ப்பு மிகுதி. எனவே அது மேற்பரப்பில் செறிந்த ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. 5 விழுக்காடு கால்சியம் தீப்பற்றும் வெப்பநிலையை ஏறத்தாழ 250 பாகை உயர்த்துவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் காட்டினர்.

கொடுக்கும் விலை

அங்ஙனமாயின் கால்சியத்தைத் தாராளமாகச் சேர்க்கலாமே எனும் வினா எழலாம். வெப்பத்தில் உறுதி தரும் அதே வலை நொறுங்கும் இயல்புடையது. இழுக்கும்போது விரிசல் அவ்வலையின் வழியே எளிதாக ஓடும். ஆகவே, கலவையின் நீட்சித்தன்மை குறைகிறது. உறையும் நேரத்தில் வார்ப்பு கிழிவதும், உலோகம் அச்சில் ஒட்டிக்கொள்வதும் பிற இடர்களாகும். சிறிதளவு ஸ்ட்ரான்சியம் சேர்த்து இக்குறைகளைத் தணிக்கும் முயற்சியில் உருவானவற்றுள் ஏ.எக்ஸ்.ஜே.530 கலவையும் ஒன்று.

முடிவுரை

வெப்பத்தில் கிட்டும் உறுதியும், நொறுங்கும் குறையும் ஒரே எல்லை வலையின் இரு முகங்கள் என்பதே இதுவரை கண்டவற்றின் சாரம். ஆகவே, கால்சியம் நன்றா தீதா என வினவுவது பொருந்தாது. எவ்வளவு, எதனோடு, எவ்வேகத்தில் உறையும்போது என்று வினவுவதே முறையாகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் முதுமொழி வார்ப்பாலைக்கும் பொருந்துவதே.