உல்லாசப் பயணிகளின் விமானம்

கழக்கூட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு விமானத்தின் இரைச்சல் புதிதன்று. தெற்கே சில மைல் தொலைவில், சங்குமுகம் கடற்கரையை ஒட்டித் திருவனந்தபுரம் விமான நிலையம் அமைந்துள்ளது. 1932-ல் தோன்றிய அந்நிலையத்திற்கு 1935-ல் டாட்டா கம்பெனியார் பம்பாயிலிருந்து விமானம் விட்டனர். 1991-ல் அது சர்வதேச நிலையமாயிற்று. நாகர்கோவில் பக்கத்துத் தமிழருக்கும் அதுவே அண்மையிலுள்ள விமானத்துறை. அங்கிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களுள் மிகப் பல, பிழைப்புக்காகக் கடல் கடப்போரையும் விடுமுறைக்கு வீடு திரும்புவோரையும் சுமப்பவை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்னும் கம்பெனி 2005 ஏப்ரல் 29-ல் தன் முதற் பயணத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தொடங்கியதும் இக்காரணம் பற்றியே.

ஆனால் குளிர்காலங்களில் வேறொரு வகை விமானமும் இங்கு வந்து இறங்கியதுண்டு. ஐரோப்பாவின் பனிக்கு அஞ்சிக் கோவளத்து மணலில் வெயில் காய விரும்புவோரை மொத்தமாக ஏற்றி வந்த விமானம் அது. அதனை நடத்துவோர் யார், அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் நமக்கு ஆவதென்ன என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் ஊர்களில் சபரிமலைக்கோ பழனிக்கோ செல்பவர்கள் ஒரு பஸ்ஸை முழுதாக வாடகைக்கு அமர்த்துவதைக் கண்டிருக்கிறோம். குருசாமி ஒருவர் பஸ்காரரிடம் மொத்தத் தொகை பேசி முடிப்பார். பின்பு ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடுவார். தங்குமிடமும் சாப்பாடும் அதிலேயே அடங்கும். இடங்கள் நிரம்பினால் தலைக்கு விழும் பங்கு குறையும். நிரம்பாவிடில் நஷ்டம் குருசாமியைச் சேரும், பஸ்காரரை அன்று. ஐரோப்பிய உல்லாச விமானத் தொழிலின் மூலதத்துவம் இதுவேயாகும். பஸ்ஸுக்குப் பதில் விமானம். குருசாமிக்குப் பதில் சுற்றுலாக் கம்பெனி. இத்தகைய மொத்த வாடகைப் பயணத்தைச் சார்ட்டர் என்பர்.

இவ்வுவமையை நாம் வலிந்து கூறவில்லை. இத்துறையில் மூத்த கம்பெனிகளுள் ஒன்றாகிய ஜெர்மனியின் கோண்டோர், முதன்முதலில் ஏற்றிச் சென்றவர்களும் யாத்திரிகர்களே. 1955 டிசம்பரில் இரண்டு கப்பல் கம்பெனிகளும், லுஃப்தான்சா விமானக் கம்பெனியும், ஜெர்மன் ரயில்வேயும் கூட்டாகச் சேர்ந்து அதனைத் தொடங்கின. கப்பலும் ரயிலும் விமானத்துக்குப் போட்டியென்று கருதாமல் அதிலேயே பங்கு கொண்டது புத்திசாலித்தனம் எனலாம். 1956 மார்ச்சில், முப்பத்தாறு பேர் அமரத்தக்க விக்கர்ஸ் வைக்கிங் விமானம் ஒன்று யாத்திரிகர்களுடன் இஸ்ரேல் நோக்கிப் பறந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்து, கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்த அதே ஆண்டுதான் அது. அடுத்து மயோர்க்கா, டெனெரிஃப் முதலிய ஸ்பானியத் தீவுகளுக்கு விமானங்கள் ஓடலாயின. கோண்டோர் என்ற பெயர் தென் அமெரிக்கக் கழுகு வகை ஒன்றின் பெயர். அதுவும் தொடக்கத்தில் வேறொரு கம்பெனிக்கு உரியது. 1961-ல் இரண்டும் இணைந்தபோது வந்து சேர்ந்தது.

1966-ல் தாய்லாந்து, கென்யா ஆகிய நாடுகளுக்கும், அந்நாளில் சிலோன் எனப்பட்ட இலங்கைக்கும் கோண்டோர் நெடுந்தூரப் பயணங்களைத் தொடங்கியது. 1971-ல் ஜம்போ எனப்படும் போயிங் 747 விமானத்தை வாங்கியது. உல்லாச விமானக் கம்பெனி ஒன்று அவ்விமானத்தை ஓட்டியது அதுவே முதன்முறை. தன் இரு ஜம்போக்களுக்கும் ஃப்ரிட்ஸ், மாக்ஸ் என்று வீட்டுப் பிள்ளைகளை அழைப்பது போலப் பெயரிட்டிருந்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில் முப்பத்தாறு ஆசனம் நானூறுக்கு மேலாக வளர்ந்தது. செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த ஆகாயப் பயணம் ஆலைத் தொழிலாளிக்கும் கிட்டியது இவ்வழியேதான்.

கட்டணம் எவ்வாறு இவ்வளவு குறைந்தது? ஆசனங்களை நெருக்கமாக வைத்தது ஒரு காரணம். இரவிலும் விமானத்தைச் சும்மா நிறுத்தாதது மற்றொன்று. ஆயினும் தலையாய காரணம் வேறு. இரண்டு வாரம் தங்கி முடித்தவர்களை, புதியவர்களைக் கொண்டுவந்த அதே விமானம் அன்றே திரும்ப ஏற்றிச் செல்லும். ஆகவே பருவத்தின் முதல் விமானம் வெறுமையாகத் திரும்பும். கடைசி விமானம் வெறுமையாக வந்து சேரும். இடையிலுள்ளவை எல்லாம் இருவழியும் நிறைந்திருக்கும். கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் வெப்ப நாடுகள் என்று விமானங்களை மாற்றி ஓட்டுவதால் அவை ஆண்டு முழுதும் உழைக்கும்.

இங்கேதான் நம் அன்பர்கள் கவனிக்கவேண்டிய செய்தி உள்ளது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்ல முயலும்போது பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விமானக் கட்டணமும் தனியார் பஸ் கட்டணமும் பன்மடங்கு உயர்வதைக் கண்டு நாம் மனம் நோகிறோம். ஓணத்திற்கு வளைகுடாவிலிருந்து திரும்பும் மலையாளிகளின் குறையும் இதுவே. பேராசையும் இதில் கலந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் உல்லாசப் பயணிகள் வாரந்தோறும் பிரிந்து பிரிந்து வருகிறார்கள். பண்டிகைக்குச் செல்பவர்களோ எல்லோரும் ஒரே நாளில் ஒரே திசையில் செல்கிறார்கள். நிறைந்து போகும் வண்டி வெறுமையாகத் திரும்புகிறது. அதன் செலவும் போகிறவர் தலையிலேயே விழுகிறது. பண்டிகைக்கு நான்கு நாள் முன்னோ பின்னோ செல்ல இயன்றவர்க்குக் கட்டணம் குறைவதன் காரணமும் இதுவே.

திருவனந்தபுரத்திற்கு விமானம் அனுப்புவோர் வேறு எங்குமில்லாத ஒரு வழக்கத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி உற்சவங்களின் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் செல்கிறது. அவ்விரு நாள்களிலும் சில மணி நேரம் நிலையம் மூடப்படும். அறிவிப்பு முன்கூட்டியே விமானிகளுக்குச் சென்றுவிடும்.

1990-களில் ஐரோப்பிய வான்வெளி எல்லாக் கம்பெனிகளுக்கும் திறந்துவிடப்பட்டதும், மலிவு விலை விமானங்கள் பெருகின. பின்னர் இணையத்தின் வாயிலாகப் பயணியே விமானத்தையும் ஓட்டலையும் தனித்தனியே பதிவு செய்யலானார். குருசாமியின் தேவை குறைந்தது. உல்லாச விமானக் கம்பெனிகள் பெரிய சுற்றுலாக் கம்பெனிகளின் குடைக்கீழ் ஒதுங்கின. கோண்டோரும் தாமஸ் குக் குழுமத்தில் சேர்ந்தது. 1841-ல் ரயில் உல்லாசப் பயணம் ஒன்றினால் தொடங்கிய அவ்வணிகம் 2019 செப்டம்பர் 23-ல் கடன் சுமையால் வீழ்ந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் அயலூர்களில் தவித்தார்கள். அவர்களுள் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பிரிட்டிஷ் அரசு சொந்த ஏற்பாட்டில் வீடு சேர்த்தது. கோண்டோர் மட்டும் ஜெர்மன் அரசின் கடனுதவியால் நில்லாமல் பறந்தது; 2021-ல் அதன் பெரும்பங்கு அட்டெஸ்டர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2022 முதல் அதன் விமானங்கள் கடற்கரைக் குடைகளை நினைவூட்டும் கோடுகளுடன் காட்சியளிக்கின்றன. இந்தியாவிலுள்ள தாமஸ் குக் 2012 முதலே வேறு உடைமையில் இருப்பது. அவ்வீழ்ச்சி அதனைத் தொடவில்லை.

பிரிட்டனில் 1973 முதல் நடைபெறும் ஒரு காப்புத் திட்டத்தின்படி, சுற்றுலாக் கம்பெனி நொடித்தாலும் பயணியின் பணம் திரும்பும். வெளியூரில் இருப்பவர் வீடு சேர்க்கப்படுவார். ஜெர்மனியில் இருந்த காப்பீடு 2019-ல் போதாமற் போயிற்று. மிச்சத்தை அரசே ஈடுசெய்தது. 2021-ல் இதற்கெனத் தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் இதற்கு நிகரான திட்டம் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றபோது, முன்பணம் கட்டியவர்கள் கடன்காரர்களின் வரிசையில் நிற்க நேர்ந்தது. பாங்குகள் அவ்வரிசையில் முன்னே நின்றன. டிக்கெட் வைத்திருந்தவர் பின்னே நின்றார். கார்டு மூலம் பணம் செலுத்தியவர்க்கு, பெறாத சேவைக்குரிய தொகையைத் தம் பாங்கின் வழியாகத் திரும்பக் கேட்கும் மற்றொரு வழி உண்டு. ரொக்கமாகக் கொடுத்தவர்க்கு அது கிடையாது. ஆதலின் குடும்பத்தோடு ஊர் செல்லப் பல மாதம் முன்னதாகவே பணம் கட்டுவோர், எவ்வகையில் கட்டுகிறோம் என்பதையும் ரசீது எவர் பெயரில் வருகிறது என்பதையும் அன்றே பார்த்துக்கொள்வது நலம்.