புயலுக்கு முன் சங்கம் செய்ய வேண்டுவன

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுத்து மார்கழியில் ஓய்கிறது. தமிழ்நாட்டின் ஏரி குளங்களை நிரப்பும் இப்பருவமே வங்கக் கடலிலிருந்து புயலையும் கொண்டுவருகிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிக் கரை வெள்ளக்காடாயிற்று.

இத்தகைய காலங்களில் சர்க்கார் நிவாரணம் அளிக்கிறது. ஆயினும் அது வந்து சேரும்வரை தொழில் நிற்கிறது. தறி நின்ற வாரத்தில் நெசவாளிக்குக் கூலி இல்லை. சங்கம் கைகொடுக்காவிடில் அவர் தனியார் முதலாளியிடம் முன்பணம் பெறுகிறார். அம்முன்பணம் தீரும்வரை அவருடைய தறி அம்முதலாளிக்கே ஓடும். ஆகவே புயலால் சங்கத்துக்கு நேரும் பெரு நஷ்டம் நனைந்த நூல் அன்று; பிரிந்துபோகும் அங்கத்தினரே. இதை மனத்திற்கொண்டு முன்னேற்பாடுகளைக் கூறுவோம்.

தறியும் கிடங்கும்

குழித்தறியில் வெள்ளம் முதலில் புகுவது குழியில். குழியின் விளிம்பைச் செங்கல் வைத்துத் தரையினும் உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். கஞ்சியிட்ட பாவில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து இழை அறும்; எச்சரிக்கை வந்தவுடன் பாவைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுக. இரும்பு அச்சுக்கு எண்ணெய் தடவி வைக்கவும். ஜக்கார்டு அட்டைகள் நனைந்தால் உப்பிப் பயனற்றுப் போகுமாதலின், அவற்றைக் கழற்றிப் பாலிதீன் உறையில் பொதிக.

கிடங்கில் நூல் சிப்பங்களைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்கலாகாது; மரச்சட்டத்தின்மீது அடுக்குக. சாயச்சாலையில் உள்ள ஹைட்ரோஸ் தூளில் தண்ணீர் பட்டால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். மூடி இறுகிய டிரம்மில், வெள்ளம் எட்டாத இடத்தில் அதைத் தனியே வைத்தல் அவசியம்.

தோப்பும் வயலும்

வடிகால் வாய்க்கால்களைப் புரட்டாசிக்குள் தூர் வாருதல் ஒருவரால் ஆகாது. சங்கத்தின் பெயரால் கூடிச் செய்தால் ஆகும். தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். வாழைக்கு மண் அணைத்து முட்டுக் கொடுக்கவும். முற்றிய தார்களை வெட்டிவிடவும். தென்னை ஒன்று விழுந்தால் மறு கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். அவ்விடைக்காலத்திற்கு ஊடுபயிர் உள்ளவனே தப்பினான்.

இன்ஷ்யூரன்ஸ்

பயிர்க் காப்பீட்டில் விவசாயியின் பங்கு, உணவு தானியங்களுக்குக் காரிப் பருவத்தில் 2 சதவிகிதத்திற்கும், ராபியில் 1.5 சதவிகிதத்திற்கும், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவிகிதத்திற்கும் மிகாது. அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்குள் செலுத்தி ரசீது பெறுக. அறுத்து வயலில் காயவிட்ட கதிர் புயல் மழையால் கெட்டாலும் 14 நாட்கள்வரை ஈடு கோர இடமுண்டு. ஆனால் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும்.

நெசவாளர் சங்கங்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சரக்கின் மதிப்பில் பாதிக்கே பாலிஸி எடுத்தால் நஷ்டத்திலும் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். 8 லட்சம் ரூபாய்ச் சரக்கிற்கு 4 லட்சத்துக்கு எடுத்திருக்கும் சங்கம், 2 லட்சம் நஷ்டமடைந்தால் சுமார் 1 லட்சமே பெறும். மற்றொன்று, அங்கத்தினர் வீடுகளில் தறியேறியுள்ள பாவும் ஊடையும் சங்கத்தின் சொத்தே. பாலிஸியில் அவ்விடங்கள் குறிக்கப்படாவிடில் அவற்றுக்கு ஈடு இராது. புயலும் வெள்ளமும் பாலிஸியில் அடங்கியுள்ளனவா என்பதையும் படித்துப் பார்த்துக் கொள்க.

கணக்கும் நிதியும்

நாம் பரிசீலனைக்குச் செல்லும் இடங்களில், இருப்புப் பதிவேடு சரக்கு உள்ள அதே அறையில், அலமாரியின் அடித்தட்டில் இருக்கக் காண்கிறோம். வெள்ளம் வந்தால் சரக்கும் போகும். சரக்கு இருந்ததற்குச் சாட்சியும் போகும். மாதந்தோறும் இருப்புக் கணக்கின் நகல் ஒன்றை வேறு கட்டிடத்தில் வைக்கவும். பதிவேட்டின் பக்கங்களையும் கிடங்கையும் கைப்பேசியில் படமெடுத்து இருவரிடம் வைத்திருப்பது செலவில்லாத காரியம்.

கூலியிலும் விளைபொருள் கிரயத்திலும் அங்கத்தினர் சம்மதத்துடன் சிறு தொகை பிடித்துப் பேரிடர் நிதி ஒன்று சேர்த்தல் நன்று. தறி நின்ற முதல் இரு வாரங்களுக்கு முன்பணம் கொடுக்க முடிந்தால் அங்கத்தினர் சங்கத்திலேயே நிற்பர். நனைந்த தறியை முதலில் செப்பனிடுவது யார் வீட்டில், முன்பணம் எவ்வரிசையில் என்பனவற்றை முன்கூட்டியே தீர்மானித்தால் பின்னர்ப் பூசல் எழாது.

புரட்டாசி மாத நிர்வாகக் குழுவில் இவற்றைப் பொருளாக வைத்து, வேலைக்கொரு ஆளாகப் பெயர் குறித்துத் தீர்மானம் செய்க. ஜில்லா அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைச் சங்கச் சுவரில் எழுதி வைக்கவும். கூடிச் சேமிக்கக் கற்ற நமக்கு, கூடிக் காத்துக்கொள்வதும் இயலும்.